பொய்க்குத்தா, மெய்க்குத்தா?

ஆறரை அடி உயரம், 120 கிலோ எடை, 88 வெற்றிகள், ஓர் உலகப் பட்டம். ஆனாலும் பிரைமோ கார்னெராவை யாரும் முழுசாக நம்பியதில்லை. பழுவூர் மண்ணிலிருந்து ஒரு மறுவிசாரணை.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கீழப்பழுவூரில் இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் பழுவேட்டரையரில் வந்து நிற்கும். 2022இல் மணிரத்னம் படம் வந்தபின் அந்தப் பேச்சுக்குச் சரத்குமாரின் முகமும் வந்துவிட்டது. அதற்கு முன்பு கல்கி தன் நாவலில் வர்ணித்த உடம்புதான் எல்லோர் மனத்திலும் இருந்தது. வயதான சிங்கம், பெருத்த ஆகிருதி, மேனியில் 64 விழுப்புண்கள்.

"அறுபத்துநாலு வெட்டு வாங்கிட்டு ஒரு மனுசன் நடமாடுவானாய்யா?" என்பார் ஒருவர். "நடமாடினதாலதான்யா அவரு பழுவேட்டரையரு" என்பார் அடுத்த பெஞ்சுக்காரர்.

இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. கல்வெட்டு சொல்வது கொஞ்சம்தான். பழுவேட்டரையர்கள் இந்த வட்டாரத்தை ஆண்ட சிற்றரசர்கள், சோழர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள், கண்டன் அமுதன் என்ற பழுவேட்டரையன் முதலாம் பராந்தகன் காலத்தில் வேளூர்ப் போரில் பாண்டியனையும் ஈழத்துப் படையையும் எதிர்த்துச் சோழர் பக்கம் நின்று சண்டையிட்டான். உயரம் எத்தனை, எடை எத்தனை, உடம்பில் தழும்பு எத்தனை என்று கல் சொல்லாது. மிச்சத்தைக் கல்கி எழுதினார், நாம் நம்பினோம்.

இந்த வழக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் இத்தாலியரின் ஞாபகம் வரும். அவர் உயரமும் எடையும் தெரியும், ஒவ்வொரு சண்டையின் தேதியும் தெரியும், சில சண்டைகளின் படச்சுருளே இருக்கிறது. இவ்வளவு இருந்தும் அவருக்குச் சண்டை போடத் தெரியுமா தெரியாதா என்பது 90 ஆண்டுகளாக முடியாத வாதம். பழுவேட்டரையருக்குச் சாட்சி போதவில்லை. கார்னெராவுக்குச் சாட்சி ஏராளம், ஆனால் அதில் பாதி பொய்ச்சாட்சி.

பிரைமோ கார்னெரா 1906 அக்டோபர் 26 அன்று வடகிழக்கு இத்தாலியில் ஃபிரியூலி பகுதியின் செக்குவால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தரையில் வண்ணக்கல் பதிக்கும் வேலைக்குப் பேர்போன ஊர் அது. அப்பாவுக்கும் அதே தொழில். வீட்டில் வறுமை. பதின்ம வயதிலேயே பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குப் போனவர், கடைசியில் ஒரு சர்க்கஸில் போய்ச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், பளு தூக்கிக்காட்டி, கூட்டத்திலிருந்து வரும் உள்ளூர் முரடர்களோடு மல்லுக்கட்டுவது வேலை. அங்கே அவரைப் பார்த்தவர் பால் ஜூர்னே என்ற பழைய பிரெஞ்சு குத்துச்சண்டைக்காரர். அவர் கொண்டுபோய் லெயோன் சே என்ற மேனேஜரிடம் நிறுத்தினார். 1928 செப்டம்பர் 12 அன்று பாரிஸில் முதல் பந்தயம். அப்போது கார்னெராவுக்கு வயது 21.

இந்த 21ஐக் கவனிக்க வேண்டும். வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று எந்தக் குத்துச்சண்டைப் பரம்பரையை எடுத்துக்கொண்டாலும், பையன் மீசை முளைக்கும் முன்பே வாத்தியாரிடம் போய் நின்றுவிடுவான். காலை எங்கே வைப்பது, தோளை எப்படித் தாழ்த்துவது, குத்து வரும்போது முகத்தை எந்தப் பக்கம் நழுவவிடுவது என்பதெல்லாம் யோசித்துச் செய்கிற வேலை அல்ல. அது உடம்புக்குள் ஊறிக் கிடக்க வேண்டும். கார்னெரா அதைக் கற்க ஆரம்பித்த வயதில் மற்றவர்களில் பலர் ஏற்கெனவே பல பந்தயங்களை முடித்திருந்தார்கள். அப்படித் தொடங்கியவர் ஐந்தாண்டுக்குள் உலக ஹெவிவெயிட் சாம்பியன். ஒன்று அவர் அதிசயப் பிறவியாக இருக்க வேண்டும், அல்லது இடையில் யாரோ கைவேலை செய்திருக்க வேண்டும்.

கைவேலை நடந்தது. அதில் சந்தேகமே இல்லை. லெயோன் சேயே 1934இல் 'கார்னெரா மர்மம்' என்று பிரெஞ்சில் ஒரு புத்தகம் போட்டு, ஆரம்பகாலப் பந்தயங்கள் பல முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டவை என்று எழுதிவிட்டார். 1930 ஜனவரியில் கார்னெரா அமெரிக்காவில் கால்வைத்தபோது அங்கே மதுவிலக்கு அமலில் இருந்தது. கள்ளச்சாராயத்தில் கொழுத்த ஓவ்னி மேடன், பில் டஃபி போன்ற நிழலுலக ஆட்கள் அவரைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் பந்தயம். பிக் பாய் பீட்டர்சன் முதல் ரவுண்டிலேயே படுத்தார். அதன்பின் ஊர் ஊராகத் திருவிழாதான். அந்த ஒரே ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட பந்தயங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று ரவுண்டுகளில் முடிந்தவை.

இந்தச் 'செட்டப்' எப்படி வேலை செய்தது என்பது சுவாரசியமான சங்கதி. எதிராளிகள் எல்லோருக்கும் காசு கொடுக்க வேண்டிய அவசியமில்லை. ஏற்கெனவே காலம் கடந்துபோன ஆளைக் கூட்டிவந்தால் அவனே விழுவான்; அதற்கு அப்போதும் இப்போதும் தடை கிடையாது, எல்லா இளம் வீரருக்கும் அப்படித்தான் கணக்கு ஏற்றுகிறார்கள். கொஞ்சம் தேறிய ஆளுக்குக் காசு. காசுக்கு மசியாதவனுக்கு மிரட்டல். அதற்கும் அடங்காமல் ரிங்கில் உண்மையாகவே குத்த ஆரம்பித்துவிட்டால், அவன் மூலையில் நிற்கும் உதவியாளனை வளைத்துவிடுவார்கள். 1930 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பாம்போ ஷெவாலியே என்ற கறுப்பின வீரர் கார்னெராவை நன்றாகவே சமாளித்துக்கொண்டிருந்தார். ஆறாவது ரவுண்டில் அவருடைய மூலையிலிருந்தே டவல் பறந்து வந்து விழுந்தது. கூட்டம் கொதித்தது. விசாரணை நடந்தது, தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் பிலடெல்பியாவில் ஜார்ஜ் காட்ஃப்ரே. அவரும் கறுப்பினத்தவர், அவரும் மலைபோன்ற ஆள். ஐந்தாவது ரவுண்டில் இடுப்புக்குக் கீழே குத்தினார் என்று தகுதிநீக்கம். வென்றவர் கார்னெரா.

தோற்கச் சொல்லப்பட்டவர்களில் எத்தனை கறுப்பர்கள் என்று பாருங்கள். அன்றைய அமெரிக்காவில் அவர்களுக்கு உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பே கிடையாது. பிழைப்புக்கு வேறு வழி இல்லாதவனிடம்தான் "நீ தோற்றுப்போ" என்று தைரியமாகக் கேட்க முடியும்.

இங்கே கொஞ்சம் நம் ஊர்ப்பக்கம் வருகிறேன். அரியலூர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் பூமி, ஒருகாலத்தில் கடலாக இருந்தது. சிமென்ட் ஆலைச் சுரங்கங்களில் இன்றும் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடைக்கின்றன. கல்லமேடு என்ற இடத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் ராட்சத எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் 1980களின் பிற்பகுதியில் அதற்குப் பிருகத்காயோசாரஸ் என்று பேர் வைத்தார்கள். காலெலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். அப்படியானால் பூமியில் நடந்த மிருகங்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அது. ஆனால் ஈரம் பட்டு, காய்ந்து, அந்த எலும்புகள் பொடிப்பொடியாக உதிர்ந்துபோயின. எஞ்சியவை வரைபடங்கள், சில புகைப்படங்கள். மரக்கட்டை கல்லானதை எலும்பென்று நினைத்துவிட்டார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. நூறு டன்னுக்கு மேல் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. எலும்பு இருந்திருந்தால் ஒரு நாடா வைத்து அளந்து முடித்திருக்கலாம்.

கார்னெராவுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அவருடைய எலும்பை மழை கரைக்கவில்லை. அவரை வளர்த்தவர்களே கரைத்தார்கள். பொய் வெற்றிகளை அடுக்கியதன் மூலம், உண்மை வெற்றிகளையும் யாரும் நம்ப முடியாதபடி செய்துவிட்டார்கள். பணத்தைக் களவாடினார்கள் என்பதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்த மனிதன் தன் திறமை எவ்வளவு என்று தானே தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் களவாடினார்கள் என்பதுதான் என் புகார்.

சரி, பொய்யை எப்படிக் கழிப்பது? எனக்குத் தெரிந்து ஒரு வழி உண்டு. அவர் வென்றதை விட்டுவிட்டுத் தோற்றதைப் பார்ப்பது. கார்னெராவின் கூட்டாளிகள் அவர் ஜெயிக்கத்தான் காசு கொடுத்தார்கள், தோற்க அல்ல. ஆகவே தோல்விகளில் பெரும்பாலும் கலப்படம் இருக்காது.

1931 அக்டோபர் 12. எதிரே ஜாக் ஷார்க்கி, அன்றைய முதல்தர ஹெவிவெயிட். முழு 15 ரவுண்டுகள். கார்னெரா புள்ளிக்கணக்கில் தோற்றார், ஆனால் கடைசிவரை நின்றார். வெறும் செட்டப் ஆள் என்றால் அன்றே நாலாவது ரவுண்டில் கதை முடிந்திருக்கும். 1932 மே 30, லண்டன் வைட் சிட்டி மைதானம். ஏறத்தாழ 70,000 பேர். கனடாவின் லாரி கெய்ன்ஸ் அவரைப் புள்ளியில் வென்றார். கெய்ன்ஸ் பெரும் திறமைசாலி. நிறத்தின் காரணமாக பிரிட்டிஷ் பட்டத்துக்கு மோத விடாமல் வைத்திருந்தார்கள். இந்த இரண்டு தோல்விகளும் கார்னெராவின் மதிப்பை என் கணக்கில் ஏற்றத்தான் செய்கின்றன.

எஞ்சியுள்ள படச்சுருள்களில் தெரிவது என்ன? இடது கை ஜாப் நன்றாக இருக்கிறது. நீளமான கை, அதை வீணாக்காமல் நீட்டுகிறார். கால் நகர்வு இன்னும் ஆச்சரியம். 120 கிலோவைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் நகர்கிறார். 'சார்பட்டா பரம்பரை' படத்து டான்சிங் ரோஸ் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் மரக்கட்டை மாதிரி நிற்கிறார் என்று பத்திரிகைகள் எழுதியது அநியாயம். குறை எங்கே என்றால் குத்தில். தோளிலிருந்து தள்ளுகிறார், இடுப்பிலிருந்து சுழன்று வெடிக்கும் அடி இல்லை. அந்த உடம்புக்கு அந்த அடி ரொம்பக் குறைவு. தற்காப்பும் அப்படியே. வேகமான வலது கை வளைந்து வந்தால் தாடையை மூடத் தெரியவில்லை. சின்ன வயதில் வாத்தியார் இல்லாத குறை இது. 72 நாக்-அவுட் என்று அவருடைய கணக்கில் இருக்கிறதே என்பார்கள். எண்ணிக்கையை விடுங்கள், யாரை என்று கேளுங்கள்.

1933 பிப்ரவரி 10. மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிராளி எர்னி ஷாஃப், வயது 24. 13ஆவது ரவுண்டில் கார்னெராவின் இடது கை பட்டது; அப்படியொன்றும் பலமான அடி இல்லை. ஷாஃப் விழுந்தார். கூட்டம் "ஏமாற்று! ஏமாற்று!" என்று ஊளையிட்டது. விழுந்தவர் எழவே இல்லை. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 14 அன்று இறந்தார். ஆறு மாதம் முன்பு மேக்ஸ் பேரிடம் அவர் வாங்கிய கொடூர அடி, அதன்பின் வந்த காய்ச்சல், மூளையில் ஏற்பட்ட வீக்கம் எல்லாம் பின்னால் பேசப்பட்டன. ஒருவன் சாகக் கிடக்கும்போதும் நாடகம் என்று கத்துமளவுக்குக் கார்னெராவின் பெயர் கெட்டுப்போயிருந்தது.

அதன்பின் இன்னொரு வேடிக்கை. நேற்றுவரை டுபாக்கூர் என்று ஏசியவர்கள், மறுநாள் முதல் "இந்த ராட்சசன் சாதாரண மனிதர்களோடு மோதுவது ஆபத்து" என்றார்கள். நியூயார்க் குத்துச்சண்டை ஆணையத்தில் அவர் போன்றவர்களுக்குத் தனி எடைப்பிரிவே வைக்கலாமா என்று பேச்சு எழுந்தது. ஒரே ஆள் ஒரே வாரத்தில் பொம்மையாகவும் அரக்கனாகவும் இருக்க முடியுமா? கூட்டத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை.

1933 ஜூன் 29இல் ஷார்க்கியை ஆறாவது ரவுண்டில் ஓர் அப்பர்கட்டில் சாய்த்து உலகப் பட்டத்தை எடுத்தார். இதுவும் செட்டப்தான் என்பது பலருடைய முடிவு. ஷார்க்கி 1994இல், 91 வயதில் இறந்தார். அதுவரைக்கும் மறுத்தே வந்தார். இறந்துபோன ஷாஃப் அவருடைய நெருங்கிய தோழர், அன்று ரிங்கில் அவர் முகம் கண்முன் வந்துபோனது என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் முடிவான தீர்ப்பு இல்லை. ஆனால் இரண்டாண்டு முன்பு 15 ரவுண்டு தாக்குப்பிடித்த ஆள், அனுபவம் கூடியபின், வயது ஏறிவரும் அதே எதிராளியை வெல்வது நடக்காத காரியமும் இல்லை.

சாம்பியன் ஆனபின் இரண்டு முறை பட்டத்தைக் காத்தார். 1933 அக்டோபரில் ரோமில் பாலினோ உஸ்குடுனோடு. பார்வையாளர் வரிசையில் முசோலினி. 1934 மார்ச் 1 அன்று மயாமியில் டாமி லாக்ரனோடு. இந்த இரண்டாவதைக் கார்னெராவின் ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். லாக்ரன் அழகான ஆட்டக்காரர், முன்னாள் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். 15 ரவுண்டுகள், புள்ளியில் கார்னெரா வெற்றி. ஆனால் எடை வித்தியாசம் 86 பவுண்டு, ஏறத்தாழ 39 கிலோ! ரஷ்யாவின் ஏழடி நிக்கோலாய் வலுயேவ் வரும்வரை பட்டப் போட்டியில் இதற்கு நிகரான வித்தியாசம் இருந்ததில்லை. கார்னெரா தன் காலை மிதித்துக்கொண்டே இருந்தார் என்று லாக்ரன் பின்னால் புலம்பினார். இந்த வெற்றியை நான் கார்னெராவின் திறமைக் கணக்கில் ஏற்றமாட்டேன். எடைமேடையின் கணக்கில் எழுதுகிறேன்.

முசோலினிக்கு இவர் ஒரு சுவரொட்டி. புதிய இத்தாலியன் என்றால் இப்படி இருப்பான் என்று காட்ட ஒரு உடம்பு கிடைத்தது. கார்னெரா தரையில் விழுந்து கிடக்கும் படத்தைப் போடக் கூடாதென்று பத்திரிகைகளுக்கு உத்தரவு போனது. அந்த உத்தரவுக்குச் சீக்கிரமே வேலை வந்தது.

1934 ஜூன் 14. மேக்ஸ் பேர். முதல் ரவுண்டிலேயே அந்த வலது கை வந்து இறங்கியது. 11 ரவுண்டுகளில் கார்னெரா 11 முறை விழுந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சில முறை இருவரும் சேர்ந்தே உருண்டார்கள். 11ஆவது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். இந்தச் சண்டைதான் கார்னெராவின் கதையை முடித்தது என்பார்கள். சண்டை தெரியாதவன் அம்பலப்பட்ட நாள் என்பார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. செட்டப்பில் வளர்ந்தவன், அடி வாங்கிப் பழகாதவன், முதல் முறை விழுந்ததும் அப்படியே படுத்திருக்கலாம். சம்பளம் குறையாது. மேடனுக்கும் டஃபிக்கும் அவர் எழுந்தாலும் ஒன்றுதான், எழாவிட்டாலும் ஒன்றுதான். விழுந்து, எழுந்து, கையை நீட்டி, மறுபடி விழுந்து, மறுபடி எழுந்தார். அந்த எழுந்ததை யாரும் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. 1935 ஜூன் 25 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸிடம் வாங்கிய அடியும் அப்படியே. இத்தாலி எத்தியோப்பியா மேல் பாயத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். கறுப்பின மக்களுக்கு அது வெறும் பந்தயமாக இருக்கவில்லை. ஆறாவது ரவுண்டில் லூயிஸ் அவரை முடித்தார். வரலாற்றின் மகத்தான ஹெவிவெயிட்டுகளில் ஒருவர் லூயிஸ். அவரிடம் ஆறு ரவுண்டு நின்றது கேவலம் அல்ல.

நம் நாட்டுக்கும் இப்படிப்பட்ட வாதங்கள் புதிதல்ல. 1910 செப்டம்பரில் காமா பயில்வான் லண்டனில் போலந்தின் ஸ்பிஸ்கோவோடு மோதினார். கீழே விழுந்த ஸ்பிஸ்கோ இரண்டரை மணிநேரம் பாயை விட்டு எழாமல் படுத்துக் கிடந்தே சமன் செய்தார். அடுத்த வாரம் மறுமோதலுக்கு ஆள் வரவே இல்லை. 1928இல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காமா வென்றார். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. தாராசிங், கிங்காங் மல்யுத்த விஷயம் வேறு. ஹங்கேரிக்காரரான கிங்காங்கின் உண்மைப் பெயர் எமில் சாயா. 1950களில் அவர்கள் மோதல் என்றால் தகப்பன், பிள்ளை எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அது நிஜமா, முன்பே பேசிவைத்ததா என்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே வாதம் தொடங்கியிருக்கும். நம் ஆட்கள் அதில் ஒரு தெளிவோடு இருந்தார்கள்: மோதல் எப்படியோ, தாராசிங் பலசாலி என்பதை யாரும் சந்தேகப்படவில்லை. தெருவில் வீம்பு பேசுகிறவனை இன்றும் "பெரிய தாராசிங்னு நெனப்பு" என்கிறோம். "பெரிய கார்னெரானு நெனப்பு" என்று உலகில் எந்த மொழியிலாவது சொல்வார்களா தெரியவில்லை.

கார்னெராவும் கடைசியில் மல்யுத்த மேடைக்குத்தான் போனார். 1938இல் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கா போய், முடிவு முன்பே தெரிந்த மல்யுத்தத்தில் இறங்கினார். குத்துச்சண்டையில் கோடிகள் புரண்டபோது கையில் சொற்பமே மிஞ்சியது. வேடிக்கை மல்யுத்தம்தான் வீடு வாங்கித் தந்தது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது. பட் ஷூல்பெர்க் 1947இல் ஒரு நாவல் எழுதினார். அர்ஜென்டினாவிலிருந்து வந்த அப்பாவி ராட்சசனை நிழலுலகம் பெரிய வீரனாகக் காட்டி ஏமாற்றும் கதை. யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. 1956இல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்து அது படமாகவும் வந்தது. அதில் கார்னெராவை வீழ்த்திய அதே மேக்ஸ் பேரும் நடித்தார். கார்னெரா வழக்குப் போட்டார். தோற்றார். அந்த வழக்கில் யாரும் செட்டப் செய்யவில்லை என்று நம்புவோம்.

1967 ஜூன் 29 அன்று, உலகப் பட்டம் வென்ற அதே தேதியில், பிறந்த ஊரான செக்குவால்ஸில் இறந்தார். வயது 60.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பகால வெற்றிகளை மொத்தமாக அடித்துவிடுகிறேன். லாக்ரனையும் அடித்துவிடுகிறேன். மிச்சத்தில் ஷார்க்கியோடு இரண்டு, கெய்ன்ஸோடு ஒன்று, உஸ்குடுனோடு ஒன்று, பேர், லூயிஸ். இதில் தெரிகிற ஆள் 1931க்கும் 1934க்கும் இடையில் உலகின் முதல் பத்து ஹெவிவெயிட்டுகளில் ஒருவர். முதல் மூன்றில் இல்லை. பத்து வருஷம் முன்பே ஒரு நல்ல வாத்தியாரிடம் சேர்ந்திருந்தால் மூன்றுக்குள் வந்திருப்பார் என்பது என் ஊகம். பிற்காலத்தில் வந்த கிளிச்கோ, டைசன் ஃப்யூரி போன்ற உயரக்காரர்களைப் பார்க்கும்போது, அந்த உயரத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர அன்றைக்கு ஆளே இல்லை என்பது தெரிகிறது. ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேரோடு நடந்த சண்டையின் படச்சுருள் இணையத்தில் கிடைக்கிறது. எல்லோரும் முதல் இரண்டு ரவுண்டையும் கடைசி இரண்டு ரவுண்டையும்தான் பார்க்கிறார்கள். நடுவில் உள்ள ரவுண்டுகளைப் பாருங்கள். அந்த இடது கையைப் பாருங்கள். பிறகு வந்து பேசலாம்.